பழைய வழங்கிக்கு ஒரு நினைவகம்

ஓடும். நான் சொல்வதைக் கேளுங்கள், ஓடும். 2009இல் வாங்கிய சர்வர் என்றால் என்ன, நாலு ஜிபி மெமரி என்றால் என்ன? ஓடாது என்று சொன்னவர்களில் ஒருவர்கூட பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உள்ளே இரண்டு பல்லி முட்டை, அரைக் கிலோ தூசி, அதற்குக் கீழே கல்லுக்குண்டு மாதிரி இரண்டு பிராசஸர். போயிருந்தது ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும்தான். டிஸ்குகளை இணைக்கிற டிஸ்க் கார்டு ரொம்பப் பழசு, இப்போது வருகிற லினக்ஸ் சிஸ்டம் அதை யாரென்றே கேட்பதில்லை. அதனால் பத்து வருடத்துக்கு முந்தைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து சிடியில் எழுதிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். நாற்பது நிமிட வேலை. பொழிச்சலூரிலிருந்து தாம்பரம் போக அதைவிட அதிக நேரம் ஆகிறது.

எனக்குப் பத்தொன்பது நாள் ஆனது.

ஏன் என்று சொல்கிறேன். என் அக்கா ஷபீனா லேப் டெக்னீஷியன் டிப்ளமா முடித்தவள். 2012 பேட்ச். பம்மலில் ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் பத்து வருடம் ஊசி குத்தினாள். இந்த வருடம் குரோம்பேட்டையில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. சேர்வதற்கு ஒரே நிபந்தனை: சான்றிதழ் போலி இல்லை என்பதற்கு, தேர்வு நடத்தியவர்களிடமிருந்து ‘உண்மைத்தன்மைச் சான்று’ வாங்கி முப்பதாம் தேதிக்குள் தர வேண்டும். ஒரு மாதம் இருக்கிறதே என்று பம்மல் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரமே அங்கே வேறு ஆள் வந்துவிட்டார்.

தேர்வு நடத்தியவர்கள் தென்புறநகர்த் துணைமருத்துவத் தேர்வுக் கழகம். ரயிலில் ஏறி அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் முடிப்பதற்குள் சானடோரியம் தாண்டிவிடும். தாம்பரத்தில் இருக்கும் அதன் அலுவலக ஜன்னலில் ஒரு பலகை தொங்கியது. ‘சர்வர் பழுது. நாளை வரவும்.’ லேமினேட் செய்திருந்தார்கள். ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன.

“நாளைக்குன்னா எந்த நாளைக்கு சார்?” என்று அக்கா கேட்டாள்.

சூப்பிரண்டு, அதாவது கண்காணிப்பாளர், சவுரிமுத்து நிமிராமலே சொன்னார். “போர்டுல என்னம்மா போட்டிருக்கு? நாளைக்கு. அது இன்னிக்கும் நாளைக்குதான், நாளைக்கும் நாளைக்குதான்.”

“எத்தனை நாளா சார் பழுது?”

“பழுதுன்னு நான் சொல்லலியே. போர்டு சொல்லுது.”

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. “சார், நான் போட்டுத் தரேன் சார். ஃப்ரீ. நாப்பது நிமிஷம்.”

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். ஃப்ரீ என்ற சொல்லை அந்த அறையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை போல.

“பேர் என்ன தம்பி?”

“முதாசிர் சார்.”

“முதாசிர், ஆர்வம் இருக்கு. சந்தோஷம். மனு குடு.”

பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வந்து எழுதிக் கொடுத்தேன். சர்வருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் இன்ஸ்டால் பண்ண வேண்டும், மெமரி நாலு ஜிபி, பர்மிஷன் வேண்டும். சவுரிமுத்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“இதுல தமிழ் எங்க இருக்கு? ‘வேண்டும்’ மட்டும்தான் தமிழ். இங்க ஆட்சிமொழி தமிழ் தம்பி. ஒரு எழுத்து இங்கிலீஷ் இருந்தாலும் ஃபைல் ரிஜெக்ட் ஆயிடும்.” மேசைக்குள்ளிருந்து பழுப்பு அட்டை போட்ட கலைச்சொல் கையேட்டை எடுத்து விரல் வைத்துப் பார்த்தார். “சர்வர்... வழங்கி. ஆபரேட்டிங் சிஸ்டம்... இயங்குதளம். இன்ஸ்டால்... நிறுவுதல். மெமரி... நினைவகம். எழுதிக்கோ.”

எழுதினேன். ‘பழைய வழங்கிக்கு, நான்கு அலகு நினைவகத்துடன் கூடிய புதிய இயங்குதளம் நிறுவ அனுமதி வேண்டுதல்.’ மூன்று முறை வாசித்தேன். இவ்வளவு மரியாதையை அந்த சர்வர் ஜென்மத்தில் பார்த்திருக்காது. அக்காவுக்கும் பெருமை. பஸ்ஸில் வரும்போது ஒரு முறை சொல்லிக் காட்டச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. “தம்பி, உன் மனு மேல நடவடிக்கை எடுத்தாச்சு. ஆள் வந்திருக்காங்க. ஓடி வா.”

சிடியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். சர்வர் அறையில் ஒருவர் குனிந்து இன்ச் டேப்பால் தரையை அளந்துகொண்டிருந்தார். கழகத்தின் கட்டடப் பிரிவு உதவிப் பொறியாளர். அசரியா என்று பெயர். மெமரி கூட்டினால் பெட்டி எங்கே வைப்பது என்று பார்க்கிறார்போல என்று நினைத்தேன். எவ்வளவு கவனமான அலுவலகம்!

“தளம் நீதான் கேட்டியா தம்பி?”

“ஆமா சார்.”

“பழைய தளம் என்னாச்சு?”

“கரப்ட் ஆயிடுச்சு சார்.”

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தணித்தார். “அத வெளிய சொல்லிக்கினு இருக்காத. பழைய தளம் போட்டதும் நாங்கதான்.”

“சரி சார்.”

“புதுசு வெயிட் எவ்ளோ?”

“லைட் வெயிட் சார். பழைய பெட்டி தாங்கணும்ல. பார்த்துதான் எடுத்திருக்கேன்.”

“அளவு?”

“அறுநூத்தம்பது எம்பி சார்.”

“அறுநூத்தம்பது மீட்டரா? ரூமே பத்துக்குப் பத்துதான தம்பி?”

“கம்ப்ரஸ் பண்ணியிருக்கு சார்.”

கம்ப்ரஷன் என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு மனுவைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். “நினைவகம்னு போட்டிருக்க. யாருக்கு?”

“சர்வருக்கு சார்.”

அசரியா கண்ணாடியைக் கழற்றினார். “நம்ம ஜோஷ்வாவுக்கா? எப்போ?”

ஜோஷ்வா அந்தக் கழகத்தின் கேன்டீனில் இருபத்திரண்டு வருடமாக சர்வர். எனக்கு அவரைத் தெரியாது. ஆகையால் கேள்வியும் புரியவில்லை. “போன வருஷமே போயிடுச்சு சார்,” என்றேன்.

“போன வருஷமா?” அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “நேத்து எனக்கு போண்டா வெச்சானே.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது. பதறிப்போய்ச் சொன்னேன். “சார், சார்! அந்த சர்வர் இல்ல சார், இந்த சர்வர். கம்ப்யூட்டர். தளம்னா தரை இல்ல சார், சாஃப்ட்வேர்.”

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். “எனக்கும் தெரியும் தம்பி. என் பையன் ஐடிலதான் இருக்கான். ஆனா ஆர்டர்ல ‘தளம்’னு வந்து, ஃபைல் என் டேபிளுக்கு வந்துடுச்சு. என் டேபிளுக்கு வந்துட்டா அது தரைதான். ஒண்ணே ஒண்ணு சொல்லு. ‘இயங்கு’ன்னு வேற போட்டிருக்கே. நகரணுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ‘சக்கரம் – 4’ என்று எழுதிக்கொண்டார்.

மாடிக்கு ஓடினேன். சவுரிமுத்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், தப்பா போயிடுச்சு சார். கட்டடப் பிரிவுக்கு அனுப்பிட்டீங்க.”

“தளம்னா கட்டடப் பிரிவுதான. வேற எங்க அனுப்புறது, பேருந்துப் பிரிவுக்கா?”

“திருத்த முடியாதா சார்?”

“தாராளமா. ஆனா நடக்குற ஃபைல திருத்த முடியாது. முடிஞ்ச ஃபைலத்தான் திருத்தலாம்.”

“எப்போ சார் முடியும்?”

“தளம் போட்டதும்.”

வீட்டுக்கு வந்து இதை அக்காவிடம் சொன்னபோது தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கிப் போனது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, “இன்னும் எத்தனை நாள் இருக்கு?” என்றாள். இருபத்தொன்று என்றேன்.

பத்தொன்பதாம் நாள் கொத்தனார்கள் வந்தார்கள். இரும்புச் சட்டம், அதன் அடியில் நான்கு சக்கரம், மேலே சிமெண்ட், அதற்கும் மேல் வழவழவென்று டைல்ஸ். ஒன்றரை அடி உயரம். சர்வரைத் தூக்கி அதன் மேல் வைத்தார்கள். அசரியாவுக்கு என்மேல் ஏதோ பிரியம் வந்திருக்க வேண்டும். “ஓரம் ஈரமா இருக்கு. ஒரு மணி நேரம் யாரும் கால் வைக்கக் கூடாது. நீ இங்கயே நின்னு பாத்துக்கோ,” என்று கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஒரு மணி நேரம்! எனக்கு வேண்டியது நாற்பது நிமிடம். பையில் சிடி இருந்தது.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். சிடி ட்ரைவ் முதலில் இருமியது, பிறகு சுற்றியது. கறுப்புத் திரையில் வரிசையாக எழுத்து. டிஸ்க் கார்டைக் கண்டுபிடித்த வரி வந்தபோது நான் தனியாகக் கை தட்டினேன். சிஸ்டம் இருந்த பகுதியை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பதிவுகள் இருந்த பகுதியைத் தொடவே இல்லை. ரீஸ்டார்ட். எல்லாம் எழுந்து வந்தது. அக்காவின் பதிவெண்ணை அடித்தேன்.

ஷபீனா. தந்தை பெயர் அயூப். 2012. முதல் வகுப்பு.

ஈர சிமெண்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது.

சவுரிமுத்துவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தேன். அவர் திரையை வாசித்தார். “முதல் வகுப்பா? நல்லா படிச்சிருக்கு பொண்ணு.”

“சார், அப்படியே பிரிண்ட் எடுத்து சீல் வெச்சிடுங்க சார்.”

“எப்படிப்பா வெக்கிறது? சர்வர் பழுதா இருக்கே.”

“இதோ ஓடுது சார்!”

“ஓடுது. இல்லன்னு சொல்லல. ஆனா தளத்துக்குத் திறப்பு விழா இருபத்தெட்டாம் தேதி. அதுக்கு முன்னாடி ஓடுறது ரிஜிஸ்டர்ல ஓடல.”

“நீங்களே கண்ணால பாக்குறீங்களே சார்.”

“இப்ப பாக்குறது சவுரிமுத்து. சூப்பிரண்டு இன்னும் பாக்கல.”

காப்பி எடுத்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதிவேட்டை வெளியே எடுத்துப் போனால் திருட்டு, உள்ளேயே இன்னொன்று வைத்தால் போலி என்று விளக்கினார். இரண்டுக்கும் தனித்தனி விதி எண் சொன்னார். திரையை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டேன். அக்கா அன்று சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்த்தோம். ரொம்ப மரியாதையாக, சீல் வைத்தது வேண்டும் என்றார்கள். பரவாயில்லை, இருபத்தெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவில் முழுசாக ஒரு நாள் இருக்கிறது!

இருபத்தெட்டாம் தேதி காலையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். சர்வர் அறைக் கதவு தளத்தைவிடக் குறுகலாகிவிட்டதால் கதவையும் நிலையையும் பெயர்த்து, தளத்தை வராந்தாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். தளத்தின் முன்பக்கம் கறுப்புக் கல்லில் பொன் எழுத்து: ‘பழைய வழங்கி திரு. ஜோஷ்வா அவர்களின் நினைவகம் மற்றும் இயங்குதளம்.’

தட்டில் டீயோடு வந்த மெலிந்த மனிதர் கல்லின் முன் நின்றுவிட்டார்.

“இன்னா சார் இது? என் பேரு கீது?”

“உனக்குத்தான் ஜோஷ்வா,” என்றார் அசரியா.

“சார், நான் உசுரோட கீறேன் சார்.”

“தெரியும்பா. முதல்ல மௌன அஞ்சலி. ரெண்டு நிமிஷம். அப்புறம் பேசலாம்.”

எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஜோஷ்வா சுற்றிலும் பார்த்தார். பிறகு டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரும் தலை குனிந்து நின்றார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். எல்லாரும் நிற்கும்போது அவரால் வேறு எப்படி நிற்க முடியும்?

பதிவாளர் அபிதகுஜாம்பாள் மைக்கைப் பிடித்தார். அவரைக் கழகத்தில் பலர் அன்றுதான் முதல்முறை பார்த்தார்கள்.

“அனைவருக்கும் வணக்கம். கணினிமயத்தில் நமது கழகமே முன்னோடி. 2009ஆம் ஆண்டிலேயே வழங்கி வாங்கினோம். அதன் பிறகு இன்றுவரை அதில் ஒரு மாற்றமும் செய்யவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சான்று தர ஏன் தாமதம் என்று. ஒரு சான்று உண்மையா என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடலாம். பிறகு அது உண்மையாகவே இருந்துவிட்டால், மற்றவர்களும் வந்து கேட்பார்களே? அந்தப் பொறுப்புணர்வோடுதான் ஓராண்டாக யாருக்கும் தரவில்லை. இந்தக் கழகத்தின் மேல் இதுவரை ஒரு புகாரும் பதிவானதில்லை. புகார்ப் பெட்டி என் அறைக்குள்ளேயே இருப்பதால் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.”

கைதட்டல். அடுத்து தளத்தை இயக்கி வைக்கும் நிகழ்ச்சி.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். “மேடம், ஒரு நிமிஷம்! சர்வர் ஆன்ல இருக்கு மேடம். ஆஃப் பண்ணிட்டுத் தள்ளுங்க. டிஸ்க் சுத்திக்கினு இருக்கு!”

அவர் சவுரிமுத்துவைப் பார்த்தார். சவுரிமுத்து பணிவாக விளக்கினார். “ஆஃப் பண்ணா அது இயங்காத தளம் ஆயிடும் மேடம்.”

பதிவாளர் இரண்டு கையாலும் தள்ளினார். சக்கரம் நகரவில்லை. நான்கு பேர் சேர்ந்து பிடித்தார்கள். பின்சக்கரம் இரண்டும் எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஏறின. முன்பக்கம் ஒன்று சாற்றில் வழுக்கியது. புது டைல்ஸ், நல்ல பளபளப்பு. சர்வர் மெதுவாக, அவசரமே இல்லாமல் நகர்ந்து வந்து, ப்ளக்கைப் பிடுங்கிக்கொண்டு, ஒன்றரை அடிக் கீழே விழுந்தது.

தளம் மட்டும் ஆறடி ஓடி நின்றது.

“இயங்குது!” என்றார் அசரியா. அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். சவுரிமுத்து கோப்பைத் திறந்து, ‘நேரில் பார்வையிடப்பட்டது, நன்கு இயங்குகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றே சூப்பிரண்டாகப் பார்த்துவிட்டார். நான் பெட்டியைத் தூக்கி நிறுத்தி மறுபடி கரண்ட் கொடுத்தேன். நான்கு டிஸ்கில் இரண்டு டக்... டக்... டக்... என்றன. ஒன்று போனால் மற்ற மூன்றும் சமாளித்துக்கொள்ளும். இரண்டு போனால் ஒன்றும் வராது. அந்தச் சத்தத்தைக் கேட்ட யாருக்கும் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் ஜன்னலில் லேமினேட் பலகை இல்லை. சர்வர் இயங்குகிறது என்று கோப்பில் இருப்பதால் பழுது என்று பலகை மாட்டக் கூடாதாம். அதே காரணத்தால் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் ஒரே நாளில் பதில் போட்டுவிட்டார்கள். எனக்கு அந்த வேகம் ஆச்சரியமாக இருந்தது. அக்காவின் உறையைப் பிரித்தோம். நல்ல கெட்டித் தாள், பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை.

‘தங்கள் விண்ணப்பத்தின் பேரில் இயங்குதளத்தில் முழுமையாகத் தேடப்பட்டது. மேற்படி பெயரில் பதிவு எதுவும் காணப்படவில்லை.’

“சார், எப்படி சார் தேடுனீங்க? அது ஆனே ஆகாதே!”

“நானே நேர்ல போய்த் தேடினேன் தம்பி,” என்றார் சவுரிமுத்து. குரலில் வருத்தம் இருந்தது, பொய் இல்லை. “தளத்துக்கு மேல பாத்தேன். குனிஞ்சு அடியில பாத்தேன். சக்கரத்து இடுக்குலகூட விரல விட்டுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல.”

“அப்ப மறுபடி மனு குடுக்கறேன் சார். இன்னொரு தடவ போட்டுத் தரேன்.”

“இயங்குதளம்தான் நிறுவியாச்சே. ஒரு வழங்கிக்கு ரெண்டு தளம் போட்டா, கீழ் தளம், மேல் தளம்னு ஆயிடும். மாடி ஆயிடும் தம்பி. அதுக்கு நகராட்சி அனுமதி வேணும்.”

போன மாதம் அக்காவிடம் சான்று இல்லை, அவ்வளவுதான். இப்போது அவள் போலி என்பதற்கு முத்திரை வைத்த சான்று இருக்கிறது. கழகம் கடமை தவறாமல் மருத்துவமனைக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தது. முப்பதாம் தேதி மதியம் அவர்களே கூப்பிட்டார்கள். அக்கா நின்றுகொண்டே கேட்டாள். “சரிங்க மேடம்... சரிங்க... இல்லங்க மேடம், நான் படிச்சது நெஜம்... சரிங்க.” போனை வைத்தாள். வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“முதா.”

“என்னக்கா?”

“நான் பாஸ் பண்ணேன் இல்ல?”

கேலியாகக் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டாள்.

ஆனால் விடுகிற ஆள் நான் இல்லை. யோசித்துப் பாருங்கள், டக் டக் என்கிற இரண்டு டிஸ்கில் ஒன்றின் ஹெட்டை மாற்றினால் போதும். அதே மாடல் பழைய டிஸ்க் ஒன்று ரிச்சி ஸ்ட்ரீட் பழைய கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும். பெட்டியை ஒரே ஒரு நாள் என்னிடம் தந்தால் போதும். அதற்கு ஒரு மனு போட வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ‘வன்தட்டு’ என்று எழுதினால் கேன்டீனுக்குப் போய்விடும், புது எவர்சில்வர் தட்டு வாங்கிவிடுவார்கள். ‘வட்டு’ என்றால் விளையாட்டுப் பிரிவு. கையேட்டில் இன்னொரு சொல்லும் இருக்கிறது, ‘நிலைவட்டு’. நிலை என்றால் கதவு நிலை என்று தச்சரிடம் போகுமா, இல்லை ஒருவருக்கும் புரியாமல் நேராக எனக்கே திரும்பி வருமா? வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போட்டுப் பார்க்கட்டுமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?